ஒரு கல்லும் 19,450 ரூபாயும்

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறவன் வீட்டில் கார் ரிப்பேரானால் என்ன நடக்கும் தெரியுமா மக்களே? ஒன்றும் நடக்காது. அவனும் எல்லாரோடும் சேர்ந்து பானெட்டுக்குள் குனிந்து பார்ப்பான். "என்னடா, நீதான் இதுக்குப் படிக்கிறியே, என்ன போயிருக்கு?" என்று அப்பா கேட்பார். அவன் "ஙே" என்று முழிப்பான். நாலு செமஸ்டர் முடித்திருந்த நான், 2024 மே மாதம் ஒரு ராத்திரி, மூன்று மணி வாக்கில், நேஷனல் ஹைவே ஓரமாக நின்று அப்படித்தான் முழித்தேன்.

இந்தக் கதையைப் பாதி பேருக்குக் காமெடியாகச் சொல்லியாகிவிட்டது. ஹாஸ்டலில் "கல்லு வந்தான்யா" என்று கூப்பிடுகிற அளவுக்கு. சொல்லாமல் விட்ட பாதி ஒன்று இருக்கிறது. இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

அக்காவும் அத்தானும் மஸ்கட் கிளம்பினார்கள். எங்கள் ஊர் பெரம்பலூர். மீனம்பாக்கம் வரை அவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும்போது ராத்திரி பதினொன்று. அம்மா பின் சீட்டில், அப்பா ஓட்டுகிறார், நான் பக்கத்தில். எங்களுடையது 2014 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல். ஒருத்தரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அப்பா ஜெராக்ஸ் கடையும் ஸ்டேஷனரியும் வைத்திருக்கிறார். அவர் வாழ்க்கையில் வாங்கிய முதல் நாலு சக்கரம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். என்னைக்கூட அவ்வளவு தேய்த்துக் குளிப்பாட்டியிருக்க மாட்டார் :-)

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி டீ குடித்தோம். அப்பாவுக்குக் கண் சொக்கியது. "நான் ஓட்டுறேன்ப்பா, நீங்க தூங்குங்க" என்றேன். லைசென்ஸ் எடுத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ராத்திரி ஹைவேயில் ஓட்டியது கிடையாது. அதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

உளுந்தூர்பேட்டை, செங்குறிச்சி டோல், வேப்பூர் எல்லாம் தாண்டியாகிவிட்டது. பழைய என்.எச். 45, இப்போது அந்தப் பகுதிக்கு என்.எச். 38 என்று பெயர். நாலு வழிச்சாலை, நடுவில் அரளிச் செடி, எதிர் வண்டி வெளிச்சம் கண்ணில் அடிக்காது. ரோடு காலி. நான் 85-ல் போய்க்கொண்டிருந்தேன். இடது லேனில் ரொம்ப தூரத்துக்கு ஒரு லாரியும் இல்லை. அதனால் இடது லேனிலேயே போனேன். சட்டப்படி சரியாகத்தான் போனேன் என்பதை இந்த இடத்தில் பதிவு செய்துகொள்கிறேன்.

முதலில் தெரிந்தது தழை. வேப்பங்கொம்போ என்னவோ, ரோட்டில் கிடந்தது. ஏதோ மரக்கிளை என்று நினைத்து லேசாக வலது பக்கம் ஒதுங்கினேன். அதற்கு அந்தப்புறம் கல். லாரி பஞ்சரானால் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பார்களே, அந்தக் கல். பெரிய தேங்காய்க்கும் சின்ன பூசணிக்கும் நடுவில் ஒரு சைஸ்.

85 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 23 மீட்டருக்கு மேல். லோ பீம் வெளிச்சத்தில் கறுப்பு ரோட்டில் கறுப்புக் கல், அது கல் என்று மூளை புரிந்துகொள்ளும்போதே அது பானெட்டுக்கு அடியில் போய்விட்டது. பிரேக்கில் கால் வைத்தேனா இல்லையா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பவில்லை. சாமர்த்தியம் எல்லாம் இல்லை, நேரமே இல்லை. திருப்பியிருந்தால் வண்டி அரளிச் செடிக்குள் உருண்டிருக்கும் என்று பிற்பாடு நிறைய பேர் சொன்னார்கள்.

சத்தம் எப்படி இருந்தது என்றால், இரும்பு பீரோவை மாடியிலிருந்து தள்ளிவிட்ட மாதிரி. இடது முன்பக்கம் ஒரு எம்பு எம்பி இறங்கியது. அம்மா "முருகா" என்று எழுந்தார். அப்பா கண்ணைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "யார் மேலயாவது ஏத்திட்டியா?"

"இல்லப்பா, கல்லு."

"கல்லுதானே? நல்லா பாத்தியா?"

"கல்லுதான்ப்பா."

அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அந்த நிமிஷத்தில் அவருக்கு வண்டி ஞாபகமே இல்லை.

வண்டி இடது பக்கமாக இழுத்துக்கொண்டே போனது. இருநூறு முன்னூறு மீட்டர் தள்ளி ஓரம் கட்டினேன். இடது முன் டயரில் காற்று சுத்தமாக இல்லை, ரிம் ஒரு இடத்தில் மடங்கியிருந்தது. ஸ்டெப்னி மாற்றினோம். அப்பா ஃபோன் டார்ச் பிடிக்க, நான் ஜாக்கி போட்டேன். அப்போது ஒரு வேடிக்கை. டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் சிவப்பு முக்கோணம் ஒன்று பிளாஸ்டிக் கவரே பிரிக்காமல் இருந்தது. இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அதைப் பிரித்து வைக்கத் தோன்றவும் இல்லை. ஹசார்டு லைட்டை மட்டும் போட்டுவிட்டு, ஒவ்வொரு லாரியும் காற்றை அடித்துக்கொண்டு போகும்போது மூன்று பேரும் வண்டியோடு ஒட்டிக்கொண்டோம்.

திரும்ப ஏறி ஓட்டினால் ஸ்டியரிங் நேராக இல்லை. நேராகப் போக வேண்டும் என்றால் ஸ்டியரிங்கைக் கோணலாகப் பிடிக்க வேண்டியிருந்தது. 30-க்கு மேல் போனால் தடதடவென்று ஆட்டம். அப்படியே ஆறேழு கிலோமீட்டர் ஊர்ந்துபோய், தொழுதூருக்கு முன்னால் லைட் எரிந்துகொண்டிருந்த ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினோம்.

கடைக்கார அண்ணனுக்கு நாற்பது வயதிருக்கும். கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து வந்து, குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். சக்கரத்தை ஒரு ஆட்டு ஆட்டினார்.

"ஆர்ம் வளைஞ்சிருக்கு சார். பால் ஜாயிண்ட் வேற ஆடுது. இதை ஓட்டிட்டு வந்ததே தப்பு. கழண்டுச்சுன்னா சக்கரம் அப்படியே மடிஞ்சிரும்."

அப்பா தலையாட்டினார். நான் பயங்கரமாகப் புரிந்த மாதிரி தலையாட்டினேன். அப்புறம் அவர் சாதாரணமாக, தண்ணீர் வேணுமா என்று கேட்கிற மாதிரி கேட்டார்:

"கல்லைத் தூக்கி ஓரமாப் போட்டீங்கள்ல?"

இதுதான் நான் இதுவரை யாரிடமும் சொல்லாத பாதி. நாங்கள் கல்லை எடுக்கவில்லை. அரை மணி நேரம் அங்கே நின்றிருக்கிறோம். முன்னூறு மீட்டர் தூரம். டயர் மாற்றினோம், ரிம்மைப் பார்த்து உச்சுக் கொட்டினோம், அம்மா எங்கள் மூன்று பேருக்கும் திருஷ்டி கழித்தார், நான் இன்ஸ்டாவில் போடலாமா என்றுகூட டயரை ஒரு ஃபோட்டோ எடுத்தேன். கல்லைப் பற்றி மூன்று பேரில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. நமக்கு ஏற்பட்டது முடிந்தது என்கிற மாதிரி கிளம்பி வந்துவிட்டோம்.

அண்ணன் முகம் மாறிவிட்டது. "நீங்க கார்ல போனீங்க, தப்பிச்சீங்க. டூவீலர்ல வர்றவன் என்ன ஆவான் சார்?" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அப்பா உடனே 1033-க்கு ஃபோன் போட்டார். நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண் அது. டோல் ரசீதிலும் போர்டிலும் எல்லாம் போட்டிருக்கும். எடுத்தார்கள், இடத்தைக் கேட்டார்கள். எத்தனையாவது கிலோமீட்டர் கல் என்று கேட்டதற்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. "வேப்பூருக்கு அப்புறம், தொழுதூருக்கு முன்னாடி" என்றால் அது பெரிய நீளம். ரோந்து வண்டிக்குச் சொல்கிறோம் என்றார்கள். அப்பா ஃபோனை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றார். கடைக்கார அண்ணன் ஒன்றும் பேசாமல் தன் பைக்கை ஸ்டார்ட் செய்தார். அப்பா பின்னால் ஏறிக்கொண்டார். நான் வருகிறேன் என்றதற்கு, "நீ அம்மாகூட இரு" என்றார்.

ரெண்டு பேரும் எதிர்ப்பக்க ரோட்டில் வேப்பூர் நோக்கிப் போய், அங்கே எங்கேயோ திரும்பி, மறுபடி இந்தப் பக்கமாக வர வேண்டும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அம்மா ஒன்றும் பேசவில்லை. நான் கடை வாசலில் உட்கார்ந்து போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பைக்கும் தாண்டிப் போகும்போது, சரி, இவன் கல்லைத் தாண்டி வந்துவிட்டான் என்று எண்ணிக்கொண்டேன். மொத்தம் ஏழு பைக். ஒரு பைக்கில் புருஷன் பெண்டாட்டி, நடுவில் தூங்குகிற குழந்தை. அந்த நேரத்தில் எங்கேதான் போவார்களோ.

அவர்கள் திரும்பி வந்தார்கள். கல்லைக் காணோம். தழை மட்டும் கிடந்ததாம். அப்பா இறங்கி டார்ச் அடித்து ரெண்டு ஓரமும் தேடியிருக்கிறார். ரோந்து வண்டி எடுத்ததா, வேறு யாராவது எடுத்தார்களா, இன்னொரு லாரி அடித்து எங்கேயாவது பறந்துவிட்டதா, தெரியாது. "அடிபட்ட மாதிரி எதுவும் இல்லை" என்று மட்டும் அப்பா சொன்னார். ரோட்டில் ரத்தமோ கண்ணாடித் துண்டோ இல்லை என்று அதற்கு அர்த்தம். தழையை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அண்ணன் பஞ்சருக்கான காசு மட்டும் வாங்கிக்கொண்டார், பெட்ரோலுக்கு வாங்கவில்லை.

நிற்க. இனி காசு விஷயம்.

விடிந்ததும் ஒரு ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனோம். அது 3,000 ரூபாய், தலைப்பில் இருக்கிற தொகையில் சேராது. முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டர். ஏ.சி., கண்ணாடிக் கதவு, காபி மெஷின். சட்டையை இன் பண்ணிய ஒரு அட்வைசர் டேப்லெட்டை வைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றினார். பத்து நிமிஷத்தில் எஸ்டிமேட் பிரிண்ட் ஆகி வந்தது. 48,400.

அப்பா அந்தப் பேப்பரை ரெண்டு தடவை படித்தார். ரெண்டு பக்க லோயர் ஆர்ம், ரெண்டு ஷாக் அப்சார்பர், ரெண்டு மவுண்ட், நக்கிள், வீல் பேரிங், ரிம், ரெண்டு டயர், லேபர். எல்லாவற்றுக்கும் மேல் ஸ்டியரிங் ரேக் முழு செட்டாக, அது மட்டும் 13,500. "ரேக் போயிருக்கா சார்?" என்று அப்பா கேட்டார். "சேஃப்டிக்கு மாத்திடுறது பெட்டர் சார்" என்றார் அவர். போயிருக்கிறதா என்பதற்கு அது பதில் இல்லை. அந்த ஆளை முழுசாகத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. அங்கே சின்னச் சின்ன ஐட்டத்தைக் கழற்றி ரிப்பேர் பார்க்கும் வழக்கமே இல்லை. செட்டாக எடு, செட்டாக மாட்டு. நாளைக்கு ஏதாவது ஆனால் அவர் தலைதானே உருளும். போதாக்குறைக்கு அப்போது நிறைய உதிரிபாகங்களுக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22-லிருந்துதான் அது 18 ஆகக் குறைந்தது. எங்கள் கல்லுக்குக் கொஞ்சம் பொறுமை இருந்திருக்கலாம்.

அட்வைசர் அடுத்து கேட்டார்: "இன்சூரன்ஸ்ல போட்டுடலாமா சார்?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்ளுங்கள். 2024 ஜனவரி, இன்சூரன்ஸ் புதுப்பிக்கிற நேரம். எங்கள் வீட்டில் ஆன்லைன் சமாச்சாரம் எல்லாம் என் பொறுப்பு. முழு பாலிசி 8,200 சொச்சம் காட்டியது. தேர்டு பார்ட்டி மட்டும் என்றால், 1000 முதல் 1500 சி.சி. வரைக்கும் அரசு நிர்ணயித்த தொகை 3,416, வரியோடு நாலாயிரத்துச் சொச்சம். நான் ஒரு பெரிய மனுஷன் மாதிரி விளக்கினேன்: "அப்பா, பத்து வருஷ வண்டி. அடிபட்டாலும் தேய்மானம்னு பாதியைக் கழிச்சிருவான். எதுக்கு நாலாயிரம் தண்டம்?" அப்பா "உனக்குத் தெரிஞ்சா சரிப்பா" என்றார். தேர்டு பார்ட்டி என்றால் நாம் அடுத்தவருக்கு ஏற்படுத்துகிற சேதத்துக்குத்தான் பணம். நம் வண்டி நடுரோட்டில் கல்லில் மோதினால் ஒரு பைசா வராது. அந்தக் கல்லுக்கு உரிமையாளர் என்று யாரும் வந்து நிற்கப் போவதும் இல்லை.

மே மாதம் எங்கள் கடைக்கு முக்கியமான மாதம். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போதுதான் வருஷ வியாபாரத்தில் பெரும்பகுதி. நோட்டு, அட்டை, ஜியோமெட்ரி பாக்ஸ் எல்லாம் மே கடைசிக்குள் வாங்கி அடுக்கிவிட வேண்டும். சிவகாசி நோட்டு மொத்த வியாபாரியிடம் ரொக்கமாகக் கொடுத்தால் விலை கொஞ்சம் இறங்கும். அதற்கு என்று அப்பா 60,000 எடுத்து வைத்திருந்தார். வண்டிக்குப் போகப்போவது அந்தப் பணம்தான் என்று அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் நின்ற எங்கள் ரெண்டு பேருக்குமே தெரியும்.

"யோசிச்சுச் சொல்றோம்" என்று வெளியே வந்துவிட்டோம். அங்கிருந்து ரெண்டு கிலோமீட்டர், 20 ஸ்பீடில், துறைமங்கலத்தில் அப்பாவுக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஷெட்டுக்கு.

நாலு செமஸ்டரில் கற்காததை அன்றைக்கு அந்த ஷெட்டில் கற்றேன். அவர் முதலில் ஸ்பேனரையே தொடவில்லை. ஒரு டேப்பை எடுத்து, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை அளந்தார். வலது பக்கம் 2,430 மி.மீ. கம்பெனி கணக்கும் அதுதான். இடது பக்கம் 2,418. அதாவது கல் அடித்த அடியில் இடது முன் சக்கரம் 12 மில்லிமீட்டர் பின்னால் போய்விட்டது. "இப்ப உனக்கே தெரியுதா, ஏன் ஸ்டியரிங் கோணலா நிக்குதுன்னு?" என்றார். தெரிந்தது. எக்ஸாமில் பத்து மார்க் கேள்விக்குப் படம் போட்டவனுக்கு, டேப் பிடித்துக் காட்டியதும்தான் தெரிந்தது.

நம் ஊர் சின்ன கார்களில் முன்பக்கம் பெரும்பாலும் மக்ஃபெர்சன் ஸ்ட்ரட்தான். ஏர்ல் மக்ஃபெர்சன் என்ற அமெரிக்க இன்ஜினியர் 1940-களில் ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு சின்ன காருக்காக யோசித்தது. அந்தக் கார் விற்பனைக்கே வரவில்லை. மனுஷன் ஃபோர்டுக்குப் போய்விட்டார். 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்களில் வந்து பரவியது. விஷயம் எளிது. மேலே ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூண். கீழே ஒரு இரும்புக் கை. அந்தக் கைதான் லோயர் ஆர்ம். அதன் ஒரு முனை ரப்பர் புஷ் வைத்து வண்டியின் அடிச்சட்டத்தில், இன்னொரு முனை பால் ஜாயிண்ட் வழியாக சக்கரத்தில். பாகங்கள் கம்மி, விலை கம்மி, இடமும் கம்மி. இன்ஜினைக் குறுக்காக வைக்க வசதி. ஆனால் மேலே இருக்கிற தூண் வெறும் ஷாக் அப்சார்பர் மட்டும் இல்லை, சக்கரம் திரும்புகிற அச்சும் அதுதான். அதனால் தூண் லேசாக வளைந்தாலும், கை லேசாக மடங்கினாலும், சக்கரத்தின் சாய்மானம் நேரடியாக மாறிவிடும். நேராக நிற்பது போலத் தெரிகிற சக்கரம் ஒரு டிகிரி சாய்ந்தாலே டயர் ஒரு ஓரமாகத் தேய ஆரம்பிக்கும்.

அண்ணன் இடது சக்கரத்தைக் கழற்றினார். லோயர் ஆர்ம் வாழைப்பழம் மாதிரி இருந்தது. ஷாக் அப்சார்பரின் கம்பி வெறும் கண்ணுக்கு நேராகத்தான் தெரிந்தது. கழற்றிச் சுற்றிக் காட்டியபோது தலை வட்டம் போட்டது. டை ராட் எண்ட் ஆடியது. வீல் பேரிங்கைக் கையால் சுற்றச் சொன்னார், உள்ளே மணல் அரைக்கிற மாதிரி கரகர. ரேக்கை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். பெல்லோஸைத் தள்ளிவிட்டு, கம்பியில் வளைவு இருக்கிறதா என்று ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரேக் எண்ட் மட்டும் மாத்துவோம். ரேக் நல்லாருக்கு. அலைன்மெண்ட்ல வரலைன்னா அப்புறம் பேசிக்கலாம்."

நான் என் புத்திசாலித்தனத்தை மறுபடி காட்டினேன். "அண்ணே, சென்னை புதுப்பேட்டையில பழைய ஆர்ம், ஷாக் எல்லாம் பாதி விலைக்குக் கிடைக்குமாமே?"

"கதவு, லைட்டு, கண்ணாடின்னா வாங்கலாம் தம்பி. இது சக்கரத்தைப் புடிச்சிட்டு நிக்கிற கை. அந்தப் பழைய வண்டி எந்தக் கல்லுல அடிச்சு அங்க வந்துச்சோ, யாருக்குத் தெரியும்?"

வாயை மூடிக்கொண்டேன்.

ஷாக் அப்சார்பரை ஜோடியாக மாற்ற வேண்டும் என்றார். அங்கே மட்டும் அப்பா கொஞ்சம் இழுத்தார், வலது பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது என்று. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியது என்றால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாயும் என்றார். சரி என்றோம்.

கடைசியில் பில் இப்படி வந்தது: லோயர் ஆர்ம் 2,350 (பால் ஜாயிண்ட் அதோடு சேர்ந்தே வருகிறது). ஷாக் ரெண்டும் 5,800. டை ராட் எண்ட், ரேக் எண்ட் ரெண்டும் 1,150. பேரிங் 1,300. ஸ்டெபிலைசர் லிங்க் 650. ரிம் பெண்டு எடுக்க 400. டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு வீக்கம், உள்ளே நூல் அறுந்திருந்தால் அப்படித்தான் ஆகுமாம், ஒட்டுப் போட்டு ஓட்டக்கூடாது. புது டயர் 4,600. லேபர் 2,500. அலைன்மெண்ட், பேலன்சிங் 700. ஆகமொத்தம் 19,450.

அந்த ராத்திரி நான் ஒரு பேப்பரில் கணக்குப் போட்டேன். இன்சூரன்ஸ் முழுசாக எடுத்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும்? அஞ்சு வருஷத்துக்கு மேல் பத்து வருஷத்துக்குள் என்றால் உலோக பாகங்களுக்கு 40 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். வண்டிக்குப் பத்து முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. டயருக்குப் பாதிதான். வலது பக்க ஷாக் கல்லில் அடிபடவில்லை, சர்வேயர் அதை அடித்துவிடுவார். முதல் 1,000 ரூபாய் எப்படியும் நம்முடையது. எல்லாம் கழித்துப் பார்த்தால் சுமார் 9,900 வந்திருக்கும். பிரீமியத்தில் மிச்சம் பிடித்தது 4,200. நஷ்டம் 5,700. ஆனால் கிளெய்ம் செய்தால் அடுத்த வருஷம் 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் போயிருக்குமே, அது ஒரு 4,000? அப்படியானால் என் அறிவுரையால் அப்பாவுக்கு நஷ்டம் வெறும் 1,700! எனக்கு அன்றைக்கு அப்படி ஒரு நிம்மதி. மறுநாள் காலை பேப்பரை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டினேன்.

அப்பா பக்கத்துக் கடை இன்சூரன்ஸ் ஏஜென்ட் மாமாவிடம் காட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பாலிசி முடிஞ்சு 90 நாளுக்குள்ள ஓன் டேமேஜ் புதுப்பிக்கலைன்னா அந்த போனஸ் தானாவே போயிரும். ஜனவரியில விட்டீங்க, இப்ப மே. அது ஏற்கெனவே போச்சு."

அவ்வ்வ்வ். ஆக நஷ்டம் 5,700-தான். போனஸையும் நான்தான் சேர்த்துத் தொலைத்திருக்கிறேன். அப்பா சிரித்துவிட்டார். இந்த விஷயம் பூராவும் அவர் சிரித்த ஒரே இடம் அது. "பரவாயில்ல விடு, கணக்காவது போட்டியே" என்றார்.

அலைன்மெண்ட் செய்த அன்று நானும் போயிருந்தேன். சக்கரத்துக்குச் சக்கரம் தட்டு மாதிரி ஒன்றை மாட்டி, திரையில் சிவப்பு எண்களும் பச்சை எண்களுமாகக் காட்டியது. ஒவ்வொன்றாகப் பச்சையாக மாற மாற, அண்ணன் என்னைப் பார்த்து, "ரேக் பாத்தியா? 13,500" என்றார். டேப் எடுத்து மறுபடி அளக்கச் சொன்னார். நானே அளந்தேன். ரெண்டு பக்கமும் 2,430.

லாரிக்காரர்களைத் திட்டி நாலு பாரா எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் அந்தக் கல் ஏன் அங்கே வருகிறது என்று பஞ்சர் கடை அண்ணனிடம் அப்பா கேட்டிருக்கிறார். லோடு வண்டி சரிவில் நின்றால் ஹேண்ட் பிரேக்கை நம்ப மாட்டார்கள். மரக்கட்டை அண்டை வைத்திருக்கிறவர்கள் உண்டு, பாதி பேரிடம் இருக்காது, ரோட்டோரக் கல்தான். பின்னால் வருகிறவருக்குத் தெரியத் தழையை வெட்டிப் போடுவார்கள். ரிப்பேர் முடிந்ததும் வண்டி கல்லை விட்டு நகர்கிறது. டிரைவர் மேலே உட்கார்ந்திருப்பார், கிளீனர் இறங்கி எடுத்துப் போட வேண்டும். இப்போது முக்கால்வாசி லாரியில் கிளீனரே கிடையாது, ஒற்றை ஆள். ராத்திரி ரெண்டு மணிக்கு, ஏற்கெனவே லேட்டான லோடோடு, அவர் இறங்கி வருவதில்லை. இது நியாயம் என்று சொல்லவில்லை. நான் மட்டும் இறங்கிப் போனேனா? அன்றைக்கு இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 283-ல் பொது வழியில் இடைஞ்சல் ஏற்படுத்தினால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். 2024 ஜூலை 1-ல் வந்த புதுச் சட்டத்தில் 285-வது பிரிவு, 5,000 வரை. கல்லை வைத்தவருக்கு அந்தப் பிரிவு. பார்த்துவிட்டும் விட்டுவிட்டு வந்தவனுக்கு எந்தப் பிரிவு என்று தேடிப் பார்த்தேன், எனக்குத் தெரிந்த வரையில் எதுவும் இல்லை.

அந்த வருஷம் வெயில் காரணமாக ஸ்கூல் ஜூன் 10-க்குத்தான் திறந்தது. எங்களுக்கு நாலு நாள் கூடுதல் அவகாசம் கிடைத்தும் பிரயோஜனம் இல்லை. 60,000-ல் 22,450 வண்டிக்குப் போய், மீதி 37,550-க்குத்தான் சரக்கு எடுத்தோம். 192 பக்க லாங் சைஸ் நோட்டு முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டது. லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்த அம்மாக்கள், "அது இல்லையா?" என்று கேட்டு, மொத்த லிஸ்டையும் எதிர்க்கடையில் வாங்கப் போனார்கள். அப்பா ஒவ்வொரு தடவையும் "நாளைக்கு வந்துரும்மா" என்றார். நான் அந்த லீவு முழுக்க ஜெராக்ஸ் மெஷினிலும் ஸ்பைரல் பைண்டிங்கிலும் நின்றேன். அட்டை போட்டுக் கொடுக்கிறேன் என்று ஒரு போர்டு எழுதி மாட்டினோம். ஒரு நோட்டுக்கு அஞ்சு ரூபாய். ஜூன் முடியும்போது 5,700-ஐத் தாண்டியது. அதை அப்பாவிடம் தனியாக எடுத்துக் கொடுத்தேன். எதற்கு இந்தத் தொகை என்று அவர் கேட்கவில்லை.

2025 ஜனவரியில் பாலிசி புதுப்பிக்கும்போது வண்டிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வைத்துவிட்டுத்தான் முழு பாலிசி கொடுத்தார்கள். போனஸ் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். சிவப்பு முக்கோணம் இப்போது டிக்கியில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது. அதோடு ரெண்டு மரக்கட்டையும். மெக்கானிக் அண்ணன் ஷெட்டில் கிடந்ததை அப்பா கேட்டு வாங்கி வந்தார். எங்களுக்கு அது எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, "இருக்கட்டும், யாராவது லாரிக்காரனுக்குக் குடுக்கலாம்" என்றார்.